பெருநாள் அரிப்பு

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் கிணற்றுக் கட்டில் நட்டிருந்த கம்பில் ஒரு சொப்பிங் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வாழை இலையில் சுற்றிய இறைச்சி. எங்கள் வீட்டுக்கு இரண்டு நாளைக்குப் போதும்.

அந்த வருசம் காற்று ஓயவே இல்லை. எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் தோணிகளைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தோணி இறங்காவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் ஊர் ஊராய் மீன் விற்கும் என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்கு வேலை இல்லை. பெருநாள் சோற்றுக்குப் பருப்பும் முட்டையும்தான் என்று என் மனைவி மர்ளியா காலையிலேயே சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்குப் புது உடுப்பு உடுத்திப் பெருநாள் தொழுகைக்கு அனுப்பியிருந்தோம். அவ்வளவுதான் எங்கள் பெருநாள்.

"ஆரு கொண்டு வந்த?" என்று மர்ளியாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. குசினிக்குள் சமையலில் இருந்திருக்கிறாள்.

பையின் வாயைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடக்கிப் போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், நுனியைத் தட்டினால் ஒரே தட்டில் அவிழும். அது மாடு கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. எங்கள் குடும்பத்தில் மாடு கட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். மர்ளியாவின் மூத்த நானா, அதாவது அண்ணன், ஹயாத்து முகம்மது.

எலுவன்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வாசலில் ஸலாம் கூடச் சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் உள்ளே கூப்பிட வேண்டும், சோறு போட வேண்டும். வீட்டில் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும், எங்களுக்கு முகம் கறுத்துப் போகும். அதையெல்லாம் யோசித்துத்தான் கம்பில் தொங்கவிட்டுப் போயிருக்கிறார். பிறகு ஒருநாள் மர்ளியா கேட்டாள். "நான் எங்க வந்த? மாட்டை ஆரு பாக்கிற?" என்றார். அந்தப் பொய்யை அல்லாஹ் மன்னிப்பானாக.

ஹயாத்து மச்சானைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுதப்போவதில்லை என்று இப்போது தெரிகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் வாழ்ந்தது முழுக்க எலுவன்குளத்தில், வில்பத்துக் காட்டு ஓரத்தில். முப்பது மாடுகள். பாதி அவருடையவை, பாதி மற்றவர்கள் பார்க்கக் கொடுத்தவை. மழைக்காலத்தில் குளத்து வரம்பில் மேயும். கோடையில் தண்ணீர் வற்றினால் காட்டு விளிம்புவரை சாய்த்துக்கொண்டு போவார். அவருடைய மாட்டின் வலது தொடையில் ஒரு பிறையும் அதன் கீழே ஒரு புள்ளியும் சுட்டிருக்கும். நூறு மாட்டுக்குள் நின்றாலும் குறியைப் பார்த்துத் தன் மாட்டைப் பிரித்துவிடுவார். அயல் குறி போட்ட மாடு ஒன்று பட்டிக்குள் வந்துவிட்டால் அவருடைய கிடாரிகளே அதை முட்டித் தள்ளும். "பாத்தீங்களா மச்சான், இதுகளுக்கும் குறி வாசிக்கத் தெரியும்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

மாட்டுக்காரனுக்கு உண்ணி என்பது மீன்காரனுக்குச் செதில் மாதிரி. மாலையில் பட்டியில் உட்கார்ந்து மாட்டின் காதிலும் தாடையிலும் உண்ணி பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்குவார். பிறகு சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துத் தன் காலில் ஒட்டியதைப் பிடுங்குவார். கோடையில் கடுகு மணி மாதிரி சின்ன உண்ணிகள் நூறு இருநூறாக ஏறும். அந்தத் தழும்பு அவர் காலெல்லாம் இருந்தது. நாங்கள் ஒருவரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நான் கிழமைக்கு ஒருமுறை எலுவன்குளத்துக்கு மீன் கொண்டு போவேன். மச்சான் ஒரு பங்கு எடுப்பார். தேத்தண்ணிக்குப் பாலும் ஊற்றமாட்டார், பிளேன்டீயோடு வெல்லக்கட்டி கடிப்பார். பத்து மாடு பால் கறக்கிற வீட்டில் பிளேன்டீ. மாட்டுத் தரகர் ஸப்ராஸ் தேத்தண்ணிக் கடையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்:

"ஹயாத்து ஐயர் வாராரு, எறச்சி ரொட்டியை மூடி வையிங்க. மாட்டுக்காரனுக்கு மாடு ஹராம் எண்டு எந்தக் கிதாபுல எழுதி இரிக்கி?"

"ஒன்ட மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கு மாடே வெறுத்துப் போச்சு தம்பி" என்று மச்சான் சொல்வார். கடை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். வெற்றிலையை மடித்து வாய்க்குள் ஒதுக்கிக்கொள்வார்.

அந்தப் பகிடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எனக்கு அந்தப் பை வந்ததற்கு அடுத்தடுத்த வருசத்துப் பெருநாளில்தான் தெரிந்தது. மர்ளியா பிடிவாதமாகக் கூப்பிட்டு அவரைச் சாப்பிட வைத்தாள். தங்கச்சி கையால் வைத்தது என்று இரண்டு துண்டு இறைச்சி சாப்பிட்டார். லுஹர் கழிந்து, வெயில் சாயும் நேரம், ஆளைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் பார்த்தேன். சேட்டைக் கழற்றிவிட்டு நிற்கிறார். முதுகு, வயிறு, கழுத்து எல்லாம் தட்டுத் தட்டாகத் தடித்திருக்கிறது. உதடு வீங்கியிருக்கிறது. இடுப்பு மடியிலிருந்து, அரிப்புக்குப் போடும் பிரிட்டன் குளிசை இரண்டை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

"என்ன மச்சான் இது?"

"சத்தம் போடாதீங்க. பெருநாள் அரிப்பு. மஃரிபுக்குள்ள போயிடும்."

பத்து வருசமாக அப்படித்தானாம். இறைச்சி தின்று மூன்று நான்கு மணித்தியாலத்தில் வருமாம். ஒருமுறை கிணற்றடியில் மயங்கியும் விழுந்திருக்கிறார். வீட்டில் அவர் மனைவி ஜுனைதா மதினிக்கு மட்டும் தெரியும்.

"டொக்டரிட்டக் காட்டலயா?"

"என்னெண்டு காட்ட? குர்பான் எறச்சி திண்டதால அரிக்கிது எண்டா? அல்லாஹ்ட பேருல அறுத்தது மச்சான். அதுல நோய் இரிக்கி எண்டு என்ட வாயால எப்பிடிச் சொல்ற? றஸூலுல்லாஹ் ஒரு சாப்பாட்டையும் குறை சொன்னதில்ல. புடிச்சாத் திண்டாங்க, புடிக்காட்டி வச்சிட்டாங்க. நானும் வச்சிர்ரன். அவ்வளவுதான்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மர்ளியாக்குச் சொல்லாதீங்க. தான் ஆக்கினதால வந்த எண்டு அழுவாள். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. இது அமானிதம்."

அமானிதம் என்ற சொல்லைச் சொன்னபிறகு மனிதன் வாயைத் திறக்க முடியாது. எங்கள் வாப்பா எனக்குச் சொல்லித்தந்தது கொஞ்சம். அதில் இதுவும் ஒன்று. நான் தலையாட்டினேன்.

கொரோனா முடிந்த அடுத்த வருசம் மச்சானின் கன்னத்துக்கு உள்ளே ஒரு புண் வந்தது. வெற்றிலைப் புண் என்று சுண்ணாம்பைக் குறைத்துப் பார்த்தார். ஆறவில்லை. புத்தளத்தில் காட்டி, அங்கிருந்து கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சுப் பிடித்தார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான்தான் கூடப் போனேன். விடியற்காலை பஸ், பாணும் வாழைப்பழமும், வரிசை, நம்பர் துண்டு, மறுபடி பஸ். வாய் ஒருபக்கம் இழுத்துப் போனாலும் பகிடியை விடவில்லை. "ஸப்ராஸ் இனி என்ட முகத்தப் பாத்துப் பேசமாட்டான், அது ஒண்டு நல்லது" என்றார்.

ஒரு வருசம் சும்மா இருந்தது. பிறகு கழுத்தில் ஒரு கட்டி. பாக்களவு, பிறகு எலுமிச்சையளவு.

அப்போதுதான் டொக்டர் ஜெசிக்கா வந்தார். சிலாபத்துப் பிள்ளை, எங்கள் பாஷை பேசுகிறவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். மறுபடி வெட்ட முடியாது, கதிரும் போதுமானவரை கொடுத்தாயிற்று. இனி ரத்தத்தில் ஏற்றும் மருந்துதான். வழக்கமாகக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்தால் கிட்னி போய்விடும். மச்சானின் கிட்னி ஏற்கெனவே பழுது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் குடித்தவர்கள் பலருக்கும் அப்படித்தான்.

"அப்ப?" என்று கேட்டேன்.

"ஒண்டு இருக்கு. கிட்னியை அவ்வளவு தொடாது. கிழமைக்கு ஒருக்கா சேலைன்ல ஏத்துறது. முழுசா மாத்தும் எண்டு நான் சொல்லமாட்டன் நானா. கட்டியை நிப்பாட்டி வைக்கும். ஒரு வருசம், சில ஆக்களுக்குக் கூடவும். அதுக்கு நான் மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும்."

எழுதிக் கேட்டார். இரண்டு மாதம் போனது. கட்டி எலுமிச்சையைத் தாண்டியது. ஜுனைதா மதினி பின்னிரவில் எழும்பித் தஹஜ்ஜத் தொழுது துஆ கேட்டார், மர்ளியா நோன்பு நேர்ந்தாள். மருந்து வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்ன நாள் மச்சான் பட்டியில் மாட்டுக்கெல்லாம் ஒருபிடி உப்புக் கூடுதலாக வைத்தார்.

ஊசி ஏற்றுகிற வார்ட்டில் ஒரு சிங்கள நேர்ஸ் பத்திரம் நிரப்பினார். பெயர், வயது, ஊர். பிறகு கேட்டார், ஏதாவது மருந்து, ஏதாவது சாப்பாடு உடம்புக்கு ஒத்துவராததா, அலர்ஜி இருக்கிறதா என்று. சிங்களத்தில்தான் கேட்டார், எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நே மிஸ்" என்றார். இல்லை மிஸ்.

வெட்டுக்கு முன்னாலும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள், இதே பதிலைத்தான் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டைக் கேட்கிறார்கள், நாங்கள் சாப்பாடு கொடுக்க வரவில்லை, ஊசிக்கு வந்திருக்கிறோம் என்றுதான் நானும் நினைத்தேன். அதைவிட, அது அமானிதம். நேர்ஸ் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அந்தக் கோட்டை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பக்கத்துக் கதிரையில் கற்பிட்டியைச் சேர்ந்த மனுவேல் அண்ணர் உட்கார்ந்திருந்தார். கடல் தொழிலாளி. அவருக்கும் இதேபோல ஒரு மருந்து, வேறு புற்றுநோய்க்கு. ஐந்து மாதம் நன்றாக வேலை செய்து, இப்போது செய்வதில்லையாம். அன்று வேறொன்று தொடங்க வந்திருந்தார். "பயப்படாதேயும், குளிரா ஏறும், வேறொண்டும் இல்ல" என்று மச்சானுக்குச் சொன்னார்.

முதலில் கைக்கு ஒரு சின்ன ஊசி போட்டார்கள், உடம்பு பொறுக்க. பிறகு மருந்துப் பையைத் தொங்கவிட்டார்கள். நான் தஸ்பீஹ் மணியை எடுத்தேன். முப்பத்துமூன்று ஸுப்ஹானல்லாஹ் முடியவில்லை.

மச்சான் உள்ளங்கையைச் சாரத்தில் தேய்த்தார். பிறகு கழுத்தைத் தேய்த்தார். பிறகு மெதுவாக, ஏதோ ஊர்க் கதை சொல்கிற மாதிரி, என்னிடம் சொன்னார்:

"மச்சான், பெருநாள் அரிப்பு."

நான் எழும்பி நேர்ஸைக் கூப்பிடுவதற்குள் உதடு வீங்கிவிட்டது. மூச்சு விசிலடித்தது. கண் மேலே போனது. குழாயை மூடினார்கள், திரையை இழுத்தார்கள், என்னை வெளியே தள்ளினார்கள். உள்ளே ஓடுகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மனுவேல் அண்ணர் தன் ஜெபமாலையைப் பிடித்திருந்தார், நான் தஸ்பீஹைப் பிடித்திருந்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அல்லாஹ் அன்றைக்கு அவரை எடுக்கவில்லை. இதயம் ஒரு தரம் நின்று திரும்பியதாகச் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் வைத்தார்கள்.

டொக்டர் ஜெசிக்கா என்னை ஒரு அறைக்குள் கூட்டிப் போனார். "பெருநாள் அரிப்பு எண்டு சொன்னாராம், பக்கத்துல இருந்தவர் சொன்னார். அது என்ன நானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இறைச்சி, குளிசை, கிணற்றடி, அமானிதம். உண்ணியைப் பற்றி அவரே கேட்டார். "காலைப் பாத்தன், அது என்ன தழும்பு?" என்று.

பிறகு விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

நோய்க்கிருமி வந்தால் அதைப் பிடிக்க நம் உடம்பே ஒரு பொருளைச் செய்யும். அதற்குப் பிறபொருளெதிரி என்று பெயராம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறதாம், நான் படித்த வகுப்பில் இல்லை. மச்சானுக்கு ஏற்றிய மருந்தும் அதே வகைதான். ஆய்வுக்கூடத்தில் செய்து, புற்றுநோயில் போய் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்க அனுப்புகிறார்கள். ஆனால் அதை எலியின் உயிர்க்கலத்தில் வளர்த்து எடுக்கிறார்கள். அதனால் அதில் ஒரு சீனிப் பொருள் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சீனி மாட்டில் இருக்கிறது, ஆட்டில் இருக்கிறது, எலியில் இருக்கிறது. மனிதனில் இல்லை.

"உண்ணி கடிக்கேக்க அந்தச் சீனி ரத்தத்துல போய்ச் சேருது. கடிச்சுக் கடிச்சு, உடம்பு அதைப் பகை எண்டு பிடிச்சு வச்சிருக்கு. அதுக்கு எதிரா ஒரு படையே செஞ்சு வச்சிருக்கு. எல்லாருக்கும் அப்பிடி வராது, இவருக்கு வந்திருக்கு எண்டு நினைக்கிறன். எறச்சி சாப்பிட்டா அது வயித்துல கரைஞ்சு ரத்தத்துக்கு வர மூண்டு நாலு மணித்தியாலம். நாங்க நேரா ரத்தத்துக்குள்ளயே விட்டுட்டம்."

"நாங்க சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடித் திறந்தார். "சொல்லியிருந்தா நான் இந்த மருந்தைத் தொட்டிருக்க மாட்டன்."

"அப்ப வேற மருந்து?"

"இங்க வேற இல்ல நானா. அதாலதானே இதுக்கு எழுதினன்."

அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைய வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் இல்லை, சொல்லாவிட்டாலும் இல்லை. இன்னொரு கேள்வியும் என் வாய்வரை வந்தது. இதயம் நின்று திரும்பிய அந்த நாள் இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சக் காலம் கிடைத்திருக்குமா? கேட்கவில்லை. டொக்டர் முகத்தில் இருந்தது எனக்குப் போதும்.

மச்சான் கண் விழித்து, சாதாரண வார்ட்டுக்கு வந்தபிறகு அவருக்கும் டொக்டர் இதையே சொன்னார். படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் இழுத்து இழுத்துச் சொன்னார்:

"அப்ப அந்த மருந்துல மாட்டுக் குறி இரிந்திரிக்கி."

"அப்பிடித்தான் நானா."

"அயல் குறியக் கண்டா பட்டி முட்டத்தான் செய்யும். அதுல பட்டியக் குத்தம் சொல்ல ஏலாது."

அன்று மனுவேல் அண்ணர் பார்க்க வந்திருந்தார். அவருடைய மருந்தையும் உடம்பு அந்நியம் என்று கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிட்டதாம். ரத்தத்தைச் சோதித்தபோதுதான் தெரிந்ததாம். அவருக்கு அரிப்பும் இல்லை, மயக்கமும் இல்லை. மருந்து ஏறிக்கொண்டே இருந்தது, வேலை மட்டும் நின்றுவிட்டது.

"உமக்கு ஒரே அடி" என்றார் மனுவேல் அண்ணர். "எனக்கு அஞ்சு மாசம் தடவித் தடவி அடிச்சுது."

"ஒங்கட ஒடம்பு மரியாதை தெரிஞ்சது" என்றார் மச்சான்.

இருவரும் சிரித்தார்கள். மச்சானுக்குச் சிரித்தால் வாயோரம் எச்சில் வழியும். ஜுனைதா மதினி கைக்குட்டையால் துடைத்தார்.

எலி வழியாக இல்லாமல், அந்தச் சீனி இல்லாமல் செய்த இன்னொரு மருந்து வெளிநாட்டில் இருப்பதாக டொக்டர் சொன்னார். அதற்கும் எழுதினார், இரண்டு தடவை. முதல் தடவை பதில் வரவில்லை. இரண்டாம் தடவை, இந்த நோய்க்கு அதைத் தருவதற்கில்லை என்று வந்தது. அந்தப் பதிலை அவரே தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார். "என்னால ஏலும் எண்டதைச் செஞ்சன் நானா" என்றார். எனக்குத் தெரியும். அவருக்காகவும் நான் துஆ செய்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கட்டி கழுத்தைச் சுற்றிப் படர்ந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினோம். நான் கொண்டுபோகும் மீனை மதினி அவித்து, கரைத்து, வடித்து ஊற்றுவார். ருசி தெரியாது. ஆனாலும் "இண்டைக்கு என்ன மீன்?" என்று சைகையால் கேட்பார். பாரை என்றால் புருவத்தைத் தூக்குவார். சூடை என்றால் கையை விரித்து, அவ்வளவுதானா என்பார்.

மாடுகளை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு போனார்கள். ஸப்ராஸ் வந்து தன் பங்கு மாடுகளை ஓட்டிப் போகும்போது ஒரு பகிடியும் விடவில்லை. அது மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "ஐயர் எண்டு சொல்லேன்டா" என்று சைகை காட்டினார். ஸப்ராஸ் விளங்காத மாதிரித் திரும்பிப் போனார். ஒரே ஒரு கிழட்டுப் பசு மிஞ்சியது. அதைக் கட்டில் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே கட்டச் சொன்னார். கையை நீட்டி அதன் காதில் உண்ணி பிடுங்கினார்.

"விடுங்க மச்சான், அதாலதானே இவ்வளவும்" என்றேன்.

"இனிக் கடிச்சு என்னத்த எடுக்கப்போவுது?" என்று குழறிச் சொன்னார்.

பாங்கு கேட்டால் கட்டிலிலேயே கையைக் கட்டிக்கொள்வார். ஸூரா ஓத முடியாது, நாக்கு புரளாது. உதடு மட்டும் அசையும். "கேக்கிறவனுக்குக் கேக்கும்" என்று மதினி சொல்வார். எனக்கும் அந்த நம்பிக்கைதான். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் அந்த வீட்டைவிட்டு வெளியே வரும்போது, நான் கேட்டது எதுவும் நடக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே கேட்டேன். அதுவும் அடிமையின் கடமைதான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள் அவர் மௌத்தானார். எலுவன்குளம் மையவாடியில், வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்கிற இடத்துக்குக் கிட்ட அடக்கினோம். ஜனாஸாவுக்கு வந்தவர்கள், அவருடைய குர்பான் பங்கு ஒவ்வொரு வருசமும் தங்கள் வீட்டுக்கு வந்ததென்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பிடி கூடத் தனக்கென்று வைக்காத மனிதர் என்றார்கள். பள்ளி இமாமும் அதைச் சொல்லித்தான் துஆ செய்தார். நான் ஆமீன் சொன்னேன். ஆமீன் சொன்னது பிழையா என்று இன்னும் யோசிக்கிறேன். ஒத்துவராததால் கொடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் ஒத்துவராத இறைச்சியைப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்திருக்கலாம். பெருநாளும் அதுவுமாக இரண்டு பஸ் மாறி, பள்ளிவாசல்துறைவரை வந்து, கூப்பிடாமல் கம்பில் தொங்கவிட்டுப் போகத் தேவையில்லை.

அவரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பெருநாளின் இரண்டாம் நாள். மீன் கொண்டுபோயிருந்தேன். குரல் அநேகமாகப் போயிருந்தது, காதை வாயருகில் வைத்தால்தான் கேட்கும். புறப்படும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். மதினிக்குச் சைகை செய்தார். மதினி ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்தார். ஊரில் யாரோ கொண்டுவந்து கொடுத்த அவர் பங்கு இறைச்சி. கயிறு கேட்டார். இரண்டு சுற்று, நுனியை உள்ளே மடக்கி. மூன்றாம் தடவைதான் முடிச்சு விழுந்தது. நான் உதவப் போனேன், விடவில்லை.

பையை என் கையில் தந்துவிட்டு என் தலையை இழுத்துக் காதருகில் சொன்னார்:

"அந்த அமானிதம் முடிஞ்சிது மச்சான். இனி ஆரும் கேட்டா, ஹயாத்துக்கு எறச்சி ஒத்துவராது, அதால குடுத்தான் எண்டு சொல்லுங்க. நல்ல மனுசன், அதால குடுத்தான் எண்டு சொல்லிப்போடாதீங்க."